டிராக்டர் வேண்டாம், மணிநேரம் கொடுங்கள்: வெள்ளத்துக்குப் பிறகு விவசாயிக்கு என்னதான் தேவை?

வெள்ளம் வடிந்த ஓரிரு நாளில் கேமராக்கள் கிளம்பிவிடும். அடுத்த வாரத்தில் அரிசி, போர்வை, பிஸ்கட் பாக்கெட்டுகளுடன் வந்த வண்டிகளும் திரும்பிவிடும். விவசாயிக்கு வேலை ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். வரப்பில் நின்று பார்த்தால், நெல் நின்ற இடத்தில் மணல் கிடக்கும். சில இடங்களில் வரப்பே இருக்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் இதுதான் நடந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணியில் வெள்ளம், குளங்களில் உடைப்பு. ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரங்களில் நெல்லும் வாழையும் தண்ணீரில் போயின. தண்ணீர் வடிந்த பிறகு பல வயல்களில் மிஞ்சியது ஆற்று மணல். மதுரையிலிருந்து நிவாரண வண்டிகள் தெற்கே ஓடின. திருப்பரங்குன்றம் வட்டாரத்தை ஒட்டிப் போகும் தூத்துக்குடி சாலையில் சுமார் 3 மணி நேரப் பயணம்தான்.

சாப்பாடும் துணியும் முதல் வாரத்துக்கான உதவி. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது மாதம் அந்த வயலை யார் சுத்தம் செய்வது? இந்தக் கேள்வி வரும்போது நல்ல மனசு உள்ளவர்களுக்கு உடனே தோன்றும் பதில், 'ஒரு டிராக்டர் வாங்கிக் கொடுத்திடலாமே' என்பதுதான். கேட்க நன்றாக இருக்கிறது. சாவி கொடுக்கும் போட்டோவும் நன்றாக வரும். ஆனால் பேரிடரில் விழுந்த விவசாயிக்குத் தேவை இயந்திரத்தின் உரிமை இல்லை, அதன் வேலை நேரம். இந்த வித்தியாசம் புரியாமல் கொடுக்கும் இயந்திரம், பாதி நேரம் கொட்டகையில்தான் நிற்கும்.

ஒரு ஏக்கர் மணல் என்றால் எத்தனை நடை?

முதலில் பிரச்னையின் அளவைப் பார்ப்போம். இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் அரை அடி உயரத்துக்கு மணல் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 21,780 கன அடி. மணல் வியாபாரத்தில் 100 கன அடியை ஒரு யூனிட் என்பார்கள். அப்படிப் பார்த்தால் சுமார் 218 யூனிட். டிராக்டர் டிரெய்லர் ஒன்று ஒரு நடைக்குத் தோராயமாக ஒரு யூனிட் ஏற்றும். ஆக, ஒரே ஒரு ஏக்கரைச் சுத்தம் செய்ய 218 நடை!

ஜே.சி.பி. ஒரு டிரெய்லரை நிரப்ப 5 நிமிடம் என்று வைத்தால்கூட, மொத்தம் 18 மணி நேர வேலை. டிராக்டர் போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப 20 நிமிடம் என்றால், 73 மணி நேரம். ஜே.சி.பி. வாடகை மணிக்கு 1,000 ரூபாய்க்குக் குறையாது. வேளாண்மைப் பொறியியல் துறை தன் டிராக்டர்களுக்கு நிர்ணயித்திருந்த மலிவு வாடகையே மணிக்கு 500 ரூபாய். இரண்டையும் கூட்டினால் ஏக்கருக்கு 54,000 ரூபாயைத் தாண்டும். நிலத்தைச் சமன் செய்வது, வரப்பு போடுவது, உழுவது எல்லாம் இதற்கு மேல்.

எல்லா வயலுக்கும் இவ்வளவு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிந்தது மெல்லிய வண்டல் என்றால் அது நிலத்துக்கு நல்லது, உழுது கலந்துவிடலாம். மணல் கொஞ்சமாக இருந்தால் ஓரமாகத் தள்ளிவிடலாம். ஆனால் அரை அடிக்கு மேல் ஆற்று மணல் ஏறிய வயலில் தண்ணீர் நிற்காது, உரம் தங்காது. அதை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அரசு நிவாரணம் வருகிறதே, அது போதாதா?

வருகிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 காலத்துக்கான விதிமுறைகளில், 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்த விவசாய நிலத்தைச் சுத்தம் செய்ய ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்று இருக்கிறது. பயிர்ச் சேதத்துக்குத் தனிக் கணக்கு: மானாவாரிக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, நீண்டகாலப் பயிருக்கு 22,500 ரூபாய், எல்லாம் ஹெக்டேருக்கு.

18,000 ரூபாயை ஏக்கருக்கு மாற்றினால் சுமார் 7,290 ரூபாய். அதை 218 நடைக்குப் பிரித்தால், ஒரு நடைக்கு 33 ரூபாய். மணல் 3 அங்குலம் மட்டும்தான் என்றாலும் 109 நடை, அதாவது நடைக்கு 67 ரூபாய்.

டிராக்டர் டீசல் டேங்க் மூடியைத் திறக்கக்கூட இந்தக் காசு காணாது. டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி எவ்வளவோ நாளாகிவிட்டது.

ஆக, அரசு கொடுப்பதற்கும் உண்மையில் ஆகும் செலவுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை விவசாயி வட்டிக்கு வாங்கி நிரப்புகிறார். இல்லையென்றால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுகிறார். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று பருவங்கள் உண்டு. பிசான நடவை வெள்ளம் கொண்டுபோனால், அடுத்த தண்ணீர் திறப்புக்குள் வயல் தயாராக வேண்டும். தயாராகவில்லை என்றால், ஒரு வெள்ளத்துக்கு இரண்டு பருவ வருமானம் போகும். பேரிடர் உதவியில் நேரம்தான் முக்கியம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மார்ச்சில் கிடைக்கும் 10 மணி நேர ஜே.சி.பி. வேலை, செப்டம்பரில் கிடைக்கும் புது டிராக்டரைவிட மதிப்பு அதிகம்.

சரி, அப்போ ஒரு டிராக்டர் வாங்கிக் கொடுத்தால்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். 2 ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டினால் ஒரு ஏக்கருக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். சொந்த நிலத்துக்கு மட்டும் என்றால், ஒரு பருவத்தில் டிராக்டருக்கு வேலை ஒரு நாளுக்கு மேல் இருக்காது. மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும். நின்றாலும் செலவு நிற்காது. இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, சர்வீஸ் எல்லாம் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு பக்கமும் பார்க்கலாம். நடுத்தர டிராக்டர் ஒன்றின் விலை சுமார் 8 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். மணிக்கு 500 ரூபாய் வாடகை என்றால், அதே பணத்தில் 1,600 மணி நேர உழைப்பை வாங்கலாம். ஆளுக்கு 10 மணி நேரம் என்றாலும் 160 விவசாயிகள். டிராக்டராகக் கொடுத்தால் சாவி வாங்குவது ஒருவர். மணிநேரமாகக் கொடுத்தால் வயலுக்குத் திரும்புவது 160 பேர்.

தானமாக வந்த டிராக்டரை ஊரில் ஒருவர் பெயரில் வைத்தால் இன்னொரு சிக்கல் வரும். முதலில் யார் வயல்? அறுவடை நேரத்தில் யாருக்கு முன்னுரிமை? டீசல் யார் போடுவது? ரிப்பேர் ஆனால் யார் காசு? இதற்கெல்லாம் எழுதி வைத்த பதில் இல்லையென்றால், செல்வாக்கு உள்ளவர் வயல்தான் முதலில் உழப்படும். அரை ஏக்கர் வைத்திருப்பவர் கடைசியில் நிற்பார். கொடுத்தவர் ஊருக்குப் போய்விட்டதால் கேட்கவும் ஆள் இருக்காது.

கஜா சொல்லிக் கொடுத்தது

எந்த இயந்திரம் என்பதும் பேரிடருக்குப் பேரிடர் மாறும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. அங்கே யாருக்கும் முதலில் டிராக்டர் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது மரம் அறுக்கும் 'செயின் சா'. ஏக்கருக்கு 70 தென்னை என்ற கணக்கில் குறுக்கும் நெடுக்குமாக மரம் கிடக்கும் தோப்புக்குள் டிராக்டர் எப்படி நுழையும்?

அப்போது தமிழக அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அதில் 600 இழப்பீடு, 500 வெட்டி அகற்றுவதற்கு. காசு வருவது வேறு, வேலை நடப்பது வேறு. ஒரே வாரத்தில் ஒரு பிராந்தியமே மரம் அறுக்க ஆள் தேடினால் ஆளும் கிடைக்காது, இயந்திரமும் கிடைக்காது. கிடைத்தாலும் கேட்கிற கூலி வேறு மாதிரி இருக்கும்.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. விழுந்து மக்கும் தென்னைத் தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். விழாமல் தப்பிய மரங்களையும், புதிதாக வைத்த கன்றுகளையும் அது தாக்கும். அதாவது, அகற்றாமல் விட்ட ஒவ்வொரு மரமும் அடுத்த இழப்புக்கான நாற்றங்கால். அந்த நேரத்தில் ஒரு செயின் சாவும், அதை ஓட்டத் தெரிந்த ஒருவரும், மட்டையையும் தண்டையும் தூளாக்கும் இயந்திரமும் சேர்ந்து வந்தால், அது எந்தப் பெரிய காசோலையையும்விடப் பெரிய உதவி.

'ஓட்டத் தெரிந்த ஒருவர்' என்பதை அடிக்கோடிட வேண்டும். பழக்கம் இல்லாதவர் கையில் செயின் சா ஆபத்து. ஆள் இல்லாமல் அனுப்பும் இயந்திரம் பாதி உதவிகூட இல்லை.

படகுகளில் நடந்த தவறு

கொடுப்பவருக்குப் பிடித்ததைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகம் முழுவதும் இருந்து உதவி குவிந்தது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படகுகள் கொடுத்தன. கட்டுமரம் வைத்திருந்தவர்களுக்குக் கண்ணாடி இழைப் படகுகள் வந்தன. கடைசியில் சில இடங்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் சேர்ந்தன, சில படகுகளின் தரமும் சரியில்லை என்ற விமர்சனம் வந்தது. படகு அதிகமானால் கடலில் மீன் அதிகமாகிவிடாது. ஒவ்வொரு படகுக்கும் கிடைக்கும் மீன்தான் குறையும்.

அதே நாகப்பட்டினத்தில் கடல்நீர் ஏறிய வயல்களின் தேவை வேறு. உப்பை மழைநீரும் பாசன நீரும் கழுவ வேண்டும், வடிகால் திறக்க வேண்டும், பசுந்தாள் உரம் போட வேண்டும். அதாவது, பார்க்கப் பளபளப்பாக இல்லாத, மெதுவான வேலை. படகு போல அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க முடியாது.

சரியாக நடந்த வழிகளும் இருக்கின்றன

இலங்கையின் வடக்கில் நடந்தது இயற்கைப் பேரிடர் அல்ல, போர். ஆனால் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டு, எல்லாவற்றையும் இழந்து திரும்பிய விவசாயியின் நிலை வெள்ளத்தில் இழந்தவரின் நிலைதான். 2009-ல் போர் முடிந்த பிறகு இந்தியா அங்கே 95,000 விவசாயக் கருவித் தொகுப்புகளும் 500 டிராக்டர்களும் கொடுத்தது. கையில் பிடிக்கும் கருவிகள் குடும்பங்களுக்கு, டிராக்டர்கள் பொது அமைப்பான கமநல சேவை நிலையங்கள் வழியாக. இந்தப் பிரிப்பில் ஒரு தெளிவு இருக்கிறது. மண்வெட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும், டிராக்டர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு உதாரணம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. 2020 ஊரடங்கின்போதும், 2021 இரண்டாம் அலையின்போதும் சென்னையைச் சேர்ந்த டாஃபே நிறுவனம் சிறு விவசாயிகளுக்கு இலவச உழவு அறிவித்தது. 2021-ல் 2 ஏக்கர் அல்லது அதற்குக் குறைவாக நிலம் உள்ளவர்களுக்கு, 16,500 டிராக்டர்களும் 26,800 கருவிகளும் பயன்படுத்தப்படும் என்றார்கள். இங்கே கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல. நிறுவனம் யாருக்கும் டிராக்டரைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே ஊர்களில் இருந்த டிராக்டர்களின் வாடகையை ஏற்றுக்கொண்டது. சிறு விவசாயிக்கு உழவு கிடைத்தது, டிராக்டர் வைத்திருந்தவருக்கு வருமானம் கிடைத்தது. மணிநேரத்தைத் தானம் செய்வது என்றால் இதுதான்.

2025 பஞ்சாப் வெள்ளத்துக்குப் பிறகும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் டிராக்டர்களோடு வந்து, மற்றவர் வயலில் இறங்கி மண்ணைத் தள்ளினார்கள். வண்டி அவரவருடையதுதான். கொடுத்தது டீசலும் நாட்களும். அந்த மாநில அரசும் செப்டம்பரில் ஒரு முடிவெடுத்தது: யாருடைய வயலோ அவருடையதே மணல். வயலில் படிந்த மணலை விவசாயியே எடுக்கலாம், விற்கலாம். இந்த அனுமதி இல்லாவிட்டால் எத்தனை இயந்திரம் வந்தாலும், 218 நடை மணலை எங்கே கொட்டுவது என்ற கேள்வியிலேயே வேலை நின்றுவிடும். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்களில் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. பேரிடரில் வயலில் ஏறிய மணலுக்கும் அப்படி ஒரு தெளிவான, வேகமான வழி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

பணமாகவே கொடுத்துவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. விவசாயிக்கு எது தேவை என்று விவசாயிக்குத்தான் தெரியும். காசைக் கொடுத்தால் அவரே முடிவு செய்வார், கொடுப்பவர் மேதாவித்தனம் காட்ட வேண்டியதில்லை. விதை, உரம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், வட்டிக்கடன் என எல்லாவற்றுக்கும் பணம்தான் சிறந்தது.

ஆனால் பணம் வேலை செய்ய, வாங்க வேண்டிய பொருள் சந்தையில் இருக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் 10 ஜே.சி.பி. இருக்கிறது, ஆயிரம் பேருக்கு ஒரே மாதத்தில் தேவை என்றால், எல்லார் கையிலும் காசு கொடுத்தாலும் ஜே.சி.பி. 10-தான். வாடகை மட்டும் ஏறும். தட்டுப்பாடு உள்ள இடத்தில் வெளியிலிருந்து இயந்திரத்தைக் கொண்டுவருவதுதான் வழி. ஆகவே, ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. வீட்டுச் செலவுக்குப் பணம், வயல் வேலைக்கு இயந்திர நேரம்.

வெளியிலிருந்து கொண்டுவரும்போதும் ஒரு எச்சரிக்கை தேவை. உள்ளூரில் கடன் வாங்கி டிராக்டர் வைத்திருப்பவரும் அதே வெள்ளத்தில் அடிபட்டவர்தான். இலவச வண்டிகள் மாதக்கணக்கில் ஓடினால் அவர் இஎம்ஐ கட்ட முடியாமல் நிற்பார். அதனால் முதலில் உள்ளூர் வண்டிகளை வாடகைக்கு எடுக்க வேண்டும், போதாததற்கு மட்டும் வெளி வண்டிகள்.

பட்டா இல்லாதவர் கணக்கில் வருவாரா?

நிவாரணத்தில் அடிக்கடி விடுபடுபவர் குத்தகை விவசாயி. வாய்மொழியாகப் பேசி நிலம் எடுத்து, விதை போட்டு, உரம் போட்டு நட்டத்தைச் சுமப்பது அவர். நிவாரணக் கணக்கோ பட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு என்று போகும். காசு நில உரிமையாளர் பெயருக்குப் போனால், அதிலிருந்து குத்தகைதாரருக்கு எவ்வளவு வரும் என்பது அவர்களுக்குள் இருக்கும் உறவைப் பொறுத்தது.

இயந்திர நேரத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. வயல் எங்கே இருக்கிறதோ அங்கே வண்டி போகும். உழுவது யார் என்று ஊருக்கே தெரியும். பட்டா யார் பெயரில் இருந்தாலும், வயல் சுத்தமானால் அடுத்த பருவம் நடப் போவது அவர்தான். மணிநேரமாகக் கொடுக்கும் உதவிக்கு ஆதரவாகச் சொல்ல இதைவிட வலுவான காரணம் இல்லை.

திருப்பரங்குன்றத்தில் ஏன் ஒரு கொட்டகை வேண்டும்?

புயல் வந்த பிறகு இயந்திரம் வாங்கக் கிளம்பினால் எப்படியும் தாமதம்தான். இயந்திரம் முன்பே இருக்க வேண்டும், சும்மா இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டிரைவரும் மெக்கானிக்கும் பழகியிருக்க வேண்டும். தீயணைப்பு நிலையம் தீ பிடித்த பிறகு கட்டப்படுவதில்லை.

அதற்கு மதுரை பொருத்தமான இடம். டெல்டாவுக்கும் தாமிரபரணிக்கும் நடுவில் இருக்கிறது, நாலு திசையிலும் நான்குவழிச் சாலை. நகரத்தின் தெற்கு ஓரத்தில் திருப்பரங்குன்றத்தைச் சுற்றி இன்னமும் நிலையூர், தென்கால் என்று கண்மாய்ப் பாசன வயல்கள் இருக்கின்றன. பிளாட்டுகளுக்கு நடுவே சுருங்கிவரும் இந்தச் சிறு வயல்களில், தனியாக டிராக்டர் வாங்கிக் கட்டுப்படியாகும் விவசாயிகள் எத்தனை பேர் இருப்பார்கள்? சாதாரண நாட்களில் அந்த வயல்களுக்கு நியாயமான வாடகையில் ஓடும் பொது இயந்திரங்கள், பேரிடர் வந்தால் லாரியில் ஏறி மறுநாள் காலை ஏரலிலோ பட்டுக்கோட்டையிலோ இறங்கலாம். வாடகை வருமானத்தில் பராமரிப்புச் செலவும் ஓடும்.

இது ஏதோ கனவுத் திட்டம் இல்லை. தனித்தனித் துண்டுகளாக எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றன:

- மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில், கிராம அளவிலான இயந்திர வங்கிக்கு 80 சதவீதம் வரை மானியம் உண்டு.
- தமிழ்நாட்டின் கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் 100 சிறு, குறு விவசாயிகள் சேர்ந்த குழுவுக்குப் பொது இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது.
- உழவன் ஆப்பில் இ-வாடகை வசதி இருக்கிறது.
- மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, கண்மாய்ப் பாசன விவசாயிகளை 'வயலகம்' என்ற பெயரில் பல ஆண்டுகளாகச் சங்கமாக்கி வருகிறது.
- ஒத்தக்கடையில் 1965-லிருந்து வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது.

இல்லாதது ஒன்றுதான். 'பேரிடர் வந்தால் இந்த இயந்திரங்கள் எங்கே போகும், யார் அனுப்புவார், செலவு யாருடையது' என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஒப்பந்தம்.

பேரிடர் தெற்கே மட்டும்தான் வரும் என்றும் இல்லை. 2024 அக்டோபர் 25-ம் தேதி கொட்டிய மழையில் செல்லூர் பக்கம் தெருக்களில் தண்ணீர் ஓடியதை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை உடைவது நம்ம பக்கத்துக் கண்மாய்க் கரையாகவும் இருக்கலாம். அன்றைக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வண்டி வர வேண்டும் என்றால், இன்றைக்கு இங்கிருந்து போயிருக்க வேண்டும்.

உங்கள் ஆபீஸ் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் பலர் ஏதோ ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள், கடந்த 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். பேரிடர் நிவாரணமும் மறுவாழ்வும் அந்தப் பட்டியலில் உண்டு. அப்படி வாங்கும் இயந்திரத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பயனாளிகளின் குழு, பொது அமைப்பு, லாப நோக்கமற்ற நிறுவனம் போன்றவற்றின் பெயரில்தான் வைக்க வேண்டும் என்று 2021 திருத்தம் சொல்கிறது. ஆக, சட்டமே பொதுக் கொட்டகையின் பக்கம் கைகாட்டுகிறது.

அடுத்த முறை வாட்ஸ்அப் குரூப்பில் 'விவசாயிகளுக்கு டிராக்டர் வாங்கிக் கொடுப்போம்' என்று யாராவது சொன்னால், காசு அனுப்பும் முன் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்:

1. அந்த ஊரில் இப்போது எந்த வேலை தேங்கி நிற்கிறது? மணலா, மரமா, தேங்கிய தண்ணீரா? அதற்கேற்ற இயந்திரம்தானா இது?
2. ஓட்டுபவர் யார்? அவர் கூலியும் டீசலும் எத்தனை நாளுக்குச் சேர்க்கப்பட்டிருக்கின்றன? டிராக்டர் மணிக்கு 4, 5 லிட்டர் குடிக்கும். 8 மணி நேரம் ஓடினால் டீசலுக்கே 3,000 ரூபாயைத் தாண்டும்.
3. முறை வைப்பது யார்? சிறிய வயல்களும் குத்தகை வயல்களும் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கின்றன? பட்டியல் ஊர்ப் பொது இடத்தில் ஒட்டப்படுமா?
4. ரிப்பேர் ஆனால் பார்ட்ஸும் மெக்கானிக்கும் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும்?
5. ஆறு மாதம் கழித்து இந்த இயந்திரம் யார் பெயரில், எந்த வேலையில் இருக்கும்?

ஐந்துக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் அதே பணத்தை அந்த வட்டாரத்து டிராக்டர்களுக்கும் ஜே.சி.பி.களுக்கும் வாடகையாகக் கட்டுங்கள். சுமார் 54,000 ரூபாய் சேர்ந்தால் ஒரு ஏக்கரில் அரை அடி ஏறிய மணலை வெளியே எடுத்துவிடலாம். 20 பேர் உள்ள ஒரு டீம், ஆளுக்கு 2,700 ரூபாய் போட்டால் போதும். சாவி கொடுக்கும் போட்டோ கிடைக்காதுதான். அடுத்த பருவத்தில் அந்த வயலில் நாற்று நிற்கும்போது ஒரு போட்டோ அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.